ஏழு வருடம் என்ன படிப்பு அது?

கேள்வி: ஐயா, கோவில்பட்டியில் சின்னதாகக் கடலைமிட்டாய்க் கடை வைத்திருக்கிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தேன். மூத்த மகள் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி. அப்புறம் அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தாள். கல்லூரியில் ஒரு மேடம் சொல்லி 'ஜாம்' என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வை எழுதினாள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நேர்காணலும் முடிந்து, 'இன்டகிரேட்டட் பிஎச்.டி.'யில் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்துவிட்டது. ஆகஸ்டில் சேர வேண்டுமாம். ஏழு வருடம் ஆகும் என்கிறாள். என் மைத்துனர், அது டாடா கம்பெனியின் தனியார் கல்லூரி, உள்ளூரில் பி.எட். சேர்த்துவிடுங்கள், இரண்டு வருடத்தில் டீச்சர் ஆகிவிடுவாள் என்கிறார். இப்போது அவளுக்கு 21 வயது. முடிக்கும்போது 28. கல்யாணம் எப்போது செய்வது? தமிழ்வழியில் படித்தவள் அங்கே தாக்குப்பிடிப்பாளா? ஏழு வருடம் படித்தால் வேலை நிச்சயமா? அவளிடம் கேட்டால் 'போகணும்ப்பா' என்று மட்டும் சொல்கிறாள். என்ன செய்யட்டும்?

ஒரு தந்தை, கோவில்பட்டி

பதில்: அண்ணாச்சி, முதலில் உங்கள் மைத்துனரின் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். அவர் நினைத்ததில் தப்பே இல்லை. பெங்களூரில் பஸ் கண்டக்டரிடமும் ஆட்டோக்காரரிடமும் 'இந்திய அறிவியல் கழகம்' என்றால் யோசிப்பார்கள், 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்றால் உடனே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். நூறு வருடத்துக்கும் மேலாக அந்த ஊருக்கு அது டாடா இன்ஸ்டிட்யூட்தான். காரணம், ஜம்ஷெட்ஜி டாடா தன் சொத்தில் ஒரு பெரிய பகுதியை இதற்கென்று ஒதுக்கினார். தன் பெயரை வைக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஒரு செங்கல் வைப்பதைக்கூடப் பார்க்காமல் 1904-ல் இறந்துபோனார். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. அன்றைய இந்திய அரசு 1909-ல் ஆணை போட்டது. 1911-ல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். இன்று அது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ், அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனம்.

கடிதத்தில் எங்காவது 'நிகர்நிலைப் பல்கலைக்கழகம்' என்று கண்ணில் பட்டாலும் பயப்பட வேண்டாம். நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் நன்கொடை, வளைவு வைத்த வாசல், லட்சக்கணக்கில் கட்டணம் என்றுதான் மனசு போகும். இது 1958-ல் அந்த அந்தஸ்து பெற்றது. அதற்குப் பிறகுதான் சொந்தமாகப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தார்கள். மத்திய அரசின் தேசியத் தரவரிசை 2016-ல் தொடங்கிய நாளிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கான பட்டியலில் முதல் பெயர் இதுதான். மைத்துனரிடம் இதைச் சொல்லுங்கள், வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

சரி, ஏழு வருடம்.

நீங்கள் இதைப் 'படிப்பு' என்று நினைப்பதால்தான் கணக்கு உறுத்துகிறது. ஏழு வருடம் ஒரு பெண் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருப்பாள், அப்பா மாதாமாதம் பணம் அனுப்புவார் என்ற சித்திரம் உங்கள் மனசில் இருக்கிறது. நடப்பது வேறு. முதல் இரண்டு வருடம் உண்மையிலேயே படிப்பு: வகுப்பு, செய்முறை, தேர்வு, சின்னதாக ஒரு ப்ராஜெக்ட். மற்ற இடங்களில் எம்.எஸ்சி. என்று எதைப் படிக்கிறார்களோ அதுவே, கொஞ்சம் கூடுதல் காரத்தோடு. அதற்குப் பிறகு ஒரு பேராசிரியரைத் தேர்ந்தெடுத்து அவருடைய ஆய்வுக் குழுவில் சேர வேண்டும். அவரை எல்லோரும் கைடு என்பார்கள். 'காம்ப்ரிஹென்சிவ்' என்று ஒரு வாய்மொழித் தேர்வு இருக்கிறது. நாலைந்து பேராசிரியர்கள் சுற்றி உட்கார்ந்து அடிப்படையிலிருந்து நோண்டுவார்கள். அதைத் தாண்டினால் அப்புறம் ஆராய்ச்சி, ஆய்வேடு, கடைசியில் எல்லோர் முன்னாலும் நின்று தன் வேலையைத் தற்காத்துப் பேசுவது. ஆறு வருடத்தில் முடித்தவர்களும் உண்டு, எட்டைத் தாண்டியவர்களும் உண்டு. ஏழு என்பது உத்தேசம்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கூச்சப்பட்டிருப்பீர்கள், நானே சொல்கிறேன். ஆராய்ச்சிக் கட்டத்துக்குப் போனதும் உதவித்தொகை வரும். 2023 ஜனவரியில் மத்திய அரசு உயர்த்திய விகிதப்படி ஆராய்ச்சியின் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதற்கப்புறம் 42,000. அதற்கு முந்தைய வகுப்புக் காலத்தில் கிடைப்பது இதைவிடக் குறைவு. ஹாஸ்டல், மெஸ் செலவு பெங்களூரு விலைவாசிக்கு ரொம்பவும் குறைச்சல். சுருக்கமாகச் சொன்னால், மூன்றாவது வருடத்திலிருந்து அவள் உங்களிடம் பணம் கேட்கமாட்டாள், அனுப்பவும் செய்வாள். உங்கள் பக்கத்துத் தனியார் பள்ளியில் பி.எட். முடித்த இயற்பியல் டீச்சருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: இந்த உதவித்தொகை காலவரையறை உள்ளது. பொதுவாக ஆராய்ச்சிக்கு ஐந்து வருடம். அதைத் தாண்டி இழுத்தால் கடைசி மாதங்களில் கை கடிக்கலாம். அது கைடு எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ஆக, பணமோ வருடமோ இதில் பெரிய கேள்வி இல்லை. உங்கள் மகளுக்கு இந்த வேலை ஒத்துவருமா என்பதுதான் கேள்வி. அதற்கு இந்த வேலை என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் 1984-ல் அங்கே இயற்பியலில் சேர்ந்தேன். தாழ்வெப்பநிலை ஆய்வுக்கூடம். ஒரு உலோகத் துண்டைத் திரவ ஹீலியத்தில், அதாவது சுழியத்துக்குக் கீழே 269 டிகிரியில் வைத்து அதன் மின்தடையை அளக்க வேண்டும். சொல்ல ஒரு வரி. அதற்கு ஹீலியம் இருக்கும் கலத்தைச் சுற்றி வெற்றிடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச் சூடு உள்ளே இறங்கிவிடும். எங்கள் கலத்தில் வெற்றிடம் நிற்கவில்லை. எங்கோ ஊசிமுனையைவிடச் சின்னதாக ஒரு கசிவு. பஞ்சில் அசிட்டோனைத் தொட்டு ஒவ்வொரு இணைப்பாக ஒற்றிக்கொண்டு, அழுத்தமானியின் முள் அசைகிறதா என்று பார்ப்பேன். அசையாது. மறுபடி கழற்றுவேன், துடைப்பேன், பூட்டுவேன், பம்பைப் போடுவேன், ராத்திரி பத்து மணிக்கு மறுபடி அதே கசிவு. இப்படி ஐந்து மாதம். ஊரிலிருந்து அப்பா கடிதம் போடுவார், 'ஆராய்ச்சி எந்த அளவில் இருக்கிறது' என்று. என்ன எழுதுவது? கடைசியில் ஒரு ரப்பர் வளையத்தின் மேல் குறுக்காக ஒரு தலைமுடி கிடந்ததைப் பார்த்தேன். என்னுடைய முடிதான். அப்போது எனக்கு நிறைய முடி இருந்தது.

ஐந்து மாதத்துக்கு ஒரு முடி. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் வெற்றிடத்தைப் பற்றி நான் கற்றது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடுத்த மூன்று வருடத்துக்கு அந்த லேபில் எதில் கசிந்தாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

உங்களுக்கு இது புரியும் அண்ணாச்சி. பாகு பதம் யாரும் எழுதிவைத்து உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. எத்தனை தட்டு வீணான பிறகு, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்த்ததும் 'இப்போ கொட்டு' என்று சொல்லத் தெரிந்தது? ஆராய்ச்சி என்பது கிட்டத்தட்ட அந்த விரல் வருகிற வரைக்கும் அடுப்படியில் நிற்பதுதான். ஒரே வித்தியாசம், உங்களுக்கு முன்னால் உங்கள் அப்பாவோ முதலாளியோ பதம் தெரிந்தவராக நின்றார். ஆராய்ச்சியில் பதம் எதுவென்று கைடுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அது ஆராய்ச்சியே இல்லை.

அதனால் மகளிடம் 'போகணுமா, வேண்டாமா' என்று கேட்காதீர்கள். போகணும் என்று சொல்லிவிட்டாள், அந்த வயதில் அதற்கு மேல் சொல்லத் தெரியாது. வேறு மாதிரி பேச்சுக் கொடுங்கள். ஒரு கணக்கு வரவில்லை என்றால் என்ன செய்வாள்? மறுநாள் மேடத்திடம் விடை கேட்டு எழுதிக்கொள்வாளா, இல்லை ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருப்பாளா? இது எது சரி, எது தப்பு என்பதற்கான கேள்வி இல்லை. முதல் வகைப் பிள்ளைகள் அருமையான அதிகாரிகளாக, ஆசிரியர்களாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சியில் மட்டும் அவர்கள் வாடிப்போகிறார்கள். ஜாம் மாதிரி ஒரு தேர்வைச் சிறுநகரக் கல்லூரியில் இருந்துகொண்டு எழுதி, நேர்காணலையும் தாண்டியிருக்கிறாள் என்றால் அவள் இரண்டாவது வகையாக இருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது. பெற்ற அம்மாவுக்கு இது தெரிந்திருக்கும், அவரையும் கேளுங்கள்.

தமிழ்வழி பற்றிக் கேட்டிருந்தீர்கள். நானும் தமிழ்வழிதான், தாமிரபரணிக் கரைப் பள்ளிக்கூடம். முதல் செமஸ்டரில் ஒரு தேர்வில் முப்பதுக்கு ஏழு வாங்கினேன். வாழ்நாளில் அதற்கு முன் இயற்பியலில் அப்படி ஒரு மதிப்பெண் வாங்கியதில்லை. வகுப்பில் எழுந்து ஒரு கேள்வி கேட்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. மனசுக்குள் ஆங்கிலத்தில் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் பேராசிரியர் அடுத்த பலகைக்குப் போயிருப்பார். அப்புறம் ஒரு விஷயம் புரிந்தது. பீகார்ப் பையன், ஒடிசாப் பையன், வங்காளப் பெண், எல்லோரும் இதே அவஸ்தையில்தான் இருந்தார்கள். அங்கே யாருக்கும் ஆங்கிலம் வீட்டு மொழி இல்லை. பாதி இலக்கணம் போனாலும் கேள்வி சரியாக இருந்தால் பதில் வரும். அந்த ஊரின் நல்ல குணம் அது.

மொழியைவிட அவளுக்குக் கஷ்டம் கொடுக்கப்போவது கணக்கு. நம் பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் குவாண்டம் இயங்கியலைத் தொட்டுவிட்டு ஓடுவார்கள். அங்கே முதல் வாரத்திலேயே அதற்குள் தூக்கிப் போடுவார்கள். சேர்வதற்கு முன் இருக்கும் வாரங்களில் நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், சிக்கலெண் சார்புகள் இந்த மூன்றையும் தினம் இரண்டு மணி நேரம் பேனா பிடித்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பைத்தானில் கொஞ்சம் நிரல் எழுதப் பழகினால் இன்னும் நல்லது. கடையில் உட்கார வைக்காதீர்கள், இந்தக் கோடை மட்டும்.

இப்போது நீங்கள் கடைசியில் கேட்டாலும் முதலில் கேட்க நினைத்த கேள்வி. பெண்பிள்ளை, 28 வயது.

அந்த இடத்தில் பெண்களின் கதை எப்படித் தொடங்கியது என்று சொல்கிறேன். 1933-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலாவதாகத் தேறிய கமலா பாகவத் என்ற பெண் அங்கே இடம் கேட்டார். இயக்குநராக இருந்தவர் சர் சி.வி. ராமன். பெண் என்பதால் முடியாது என்றார். நம் ராமன்தான், நோபல் பரிசு வாங்கியவர்தான். அந்தப் பெண் திரும்பிப் போகாமல் நேரில் வந்து நின்றார். ஒரு வருடம் சோதனையாக இருக்கட்டும், வேலை திருப்தியாக இருந்தால்தான் அங்கீகாரம் என்று நிபந்தனை போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வருடம் கழித்து ராமன் இறங்கிவந்தார். கமலா பிறகு கேம்பிரிட்ஜ் போய் 1939-ல் பிஎச்.டி. வாங்கினார். திருமணத்துக்குப் பிறகு கமலா சோஹோனி என்று அறியப்பட்டார். அறிவியலில் பிஎச்.டி. பெற்ற முதல் இந்தியப் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறோம்.

எனக்கு அதைவிட மனசில் நிற்பது அன்னா மாணியின் கதை. உங்கள் மகளுக்கும் அதற்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்தவர். 1940-ல் உதவித்தொகையோடு பெங்களூரு போய் ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் இவற்றின் ஒளிர்வை ஆராய்ந்தார். நிறமாலையைப் படத்தட்டில் பதிவதற்கு மணிக்கணக்கில் ஆகும் என்பதால் பல ராத்திரி லேபிலேயே கழிந்தது. ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945-ல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். கழகத்துக்கு அப்போது பட்டம் கொடுக்கும் உரிமை கிடையாது, சென்னைப் பல்கலைக்கழகம்தான் கொடுக்க வேண்டும். எம்.எஸ்சி. இல்லாமல் பிஎச்.டி. கொடுக்க முடியாது என்று சென்னை மறுத்துவிட்டது. பட்டம் இல்லாமலேயே அவர் லண்டன் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றுத் திரும்பி, இந்திய வானிலைத் துறையில் அந்தக் கருவிகளை இங்கேயே செய்யவைத்து, துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார்.

உங்கள் கையில் இருக்கும் கடிதத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். பி.எஸ்சி. முடித்த பெண்ணை நேராக பிஎச்.டி.க்கு எடுத்துக்கொள்கிறோம் என்று அதில் எழுதியிருக்கிறது. எந்தக் காரணத்தைச் சொல்லி அன்னா மாணிக்கு மறுத்தார்களோ, அந்தக் கதவையே திறந்துவைத்து உங்கள் மகளை உள்ளே கூப்பிடுகிறார்கள்.

கல்யாணம் பற்றி நான் உபதேசம் செய்யப்போவதில்லை, எனக்கும் இரண்டு பெண்கள். நடைமுறையை மட்டும் சொல்கிறேன். படிக்கும்போதே கல்யாணம் செய்துகொள்ளும் ஆராய்ச்சி மாணவர்கள் அங்கே நிறைய. அவர்களுக்கென்று தனிக் குடியிருப்பும் உண்டு, வரிசையில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளே பெண் ஆராய்ச்சி மாணவர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், முடிக்க இரண்டு வருடம் கூடுதல் அவகாசமும் தருகின்றன. என் அனுபவத்தில் சிக்கல் கல்யாணத்தால் வருவதில்லை, அது எப்போது என்பதால் வருகிறது. முதல் இரண்டு வருடமும், ஆய்வேடு எழுதும் கடைசி வருடமும் வேண்டாம். நடுவில் அவளுக்குப் பிடித்து, அவள் ராத்திரி ஒன்பது மணிக்கு லேபுக்குப் போனால் முகம் சுளிக்காத மாப்பிள்ளை கிடைத்தால் தாராளமாகச் செய்யுங்கள். முடியாது என்றால் 28 ஒன்றும் மலையேறிய வயது இல்லை. ஊர் பேசும். பி.எட். முடித்து மூன்று வருடம் தேர்வுக்குக் காத்திருந்தாலும் பேசும்.

வேலை நிச்சயமா என்றால், இல்லை. இதில் உங்களிடம் சர்க்கரை தடவிப் பேச மாட்டேன். ஐ.ஐ.டி., ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனம்) போன்ற இடங்களில் பேராசிரியராக வேண்டுமானால் பிஎச்.டி.க்குப் பிறகு இரண்டு முதல் நான்கு வருடம், பெரும்பாலும் வெளிநாட்டில், 'போஸ்ட்டாக்' என்று தற்காலிக ஆராய்ச்சிப் பணி செய்ய வேண்டியிருக்கும். இடங்கள் குறைவு, முப்பதைத் தாண்டித்தான் நிரந்தர நாற்காலி. ஆனால் பிஎச்.டி. முடித்தவர்கள் எல்லோரும் அந்த ஒரே வாசலில் நிற்பதில்லை. இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ. ஆய்வகங்களுக்குப் போகிறார்கள். அந்த வளாகத்திலேயே நானோ அறிவியலுக்குத் தனி மையம், சிப் செய்யப் பழகும் தூய அறை எல்லாம் இருப்பதால், அதில் கைபழகியவர்களைக் குறைக்கடத்தி நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன. தரவுப் பகுப்பாய்வுக்குப் போனவர்களும் உண்டு. திரும்பிவந்து கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நானே அப்படி வந்தவன்தான். கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுகலையோடு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறியிருந்தாலே போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆகவே கல்லூரி வேலைக்காக மட்டும் என்றால் இத்தனை பாடு தேவையில்லை.

பி.எட்.டைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருவதுதான் அவளுக்கு ஆசை என்றால் அதுவே சரியான வழி. ஆனால் பட்டதாரி ஆசிரியராக டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அப்புறம் நியமனத் தேர்வு, முதுகலை ஆசிரியர் என்றால் எம்.எஸ்சி.யும் வேண்டும். மைத்துனர் சொல்லும் 'இரண்டு வருடத்தில் டீச்சர்' அவ்வளவு நேராக வராது. அதோடு, பி.எட்.டை 25 வயதிலும் படிக்கலாம். இந்தக் கடிதம் அடுத்த வருடம் வராது. வேண்டுமென்றால் மறுபடி ஜாம் எழுதி, மறுபடி நேர்காணல் போக வேண்டும்.

என் யோசனை, அனுப்புங்கள். ஏழு வருடத்துக்கு என்று நினைத்து அனுப்பாதீர்கள், இரண்டு வருடத்துக்கு என்று அனுப்புங்கள். வகுப்புகளை முடித்த பிறகு, ஆராய்ச்சி ஒத்துவரவில்லை என்றால் முதுகலைப் பட்டத்தோடு வெளியேறும் வழி இதில் இருக்கிறது. அதற்கு என்ன நிபந்தனை, எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று சேரும் அன்றே அலுவலகத்தில் விதிப் புத்தகத்தைக் கேட்டுப் படித்துவைக்கச் சொல்லுங்கள். அந்த வாசல் இருப்பது தெரிந்தால் அவளுக்கும் மூச்சு சீராகும். அப்படி ஒருநாள் 'அப்பா, இது எனக்குச் சரிப்படல' என்று போன் வந்தால், 'ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஊரில் எப்போதும் முதலாவதாக வந்த பிள்ளைகள் அங்கே போய் நடுவரிசையில் உட்கார நேரும்போது உடைந்துபோவது உண்டு. மனநல ஆலோசனைக்கு வளாகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் முதல் போன் வீட்டுக்குத்தான் வரும்.

இனிச் சில வரி உங்கள் மகளுக்கு. அவளிடம் படிக்கக் கொடுங்கள்.

அம்மாடி, கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை விருது வாங்கியிருக்கிறார் என்று பார்க்காதே. அவரிடம் இப்போது படிப்பவர்களிடம் கேட்டால் மழுப்புவார்கள், பாவம், அவர்கள் நிலைமை அது. முடித்துப் போனவர்கள் இரண்டு பேர், பாதியில் விட்டுப் போனவர் ஒருவர், இவர்களைத் தேடிப்பிடித்துப் பேசு. சராசரியாக எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள்? மாதத்துக்கு எத்தனை முறை கைடு உட்கார்ந்து பேசுகிறார்? வேலை செய்த மாணவரின் பெயர் கட்டுரையில் முதலில் வருகிறதா? தப்பாகப் போன சோதனையைக் கொண்டுபோய்க் காட்டினால் கத்துவாரா, 'எங்கே, காட்டு' என்பாரா? நான் பட்ட ஐந்து மாதத்தில் என் கைடு ஒருநாள்கூட ஏன் முடியவில்லை என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து கூட நின்று ஸ்பேனர் பிடித்தார். அப்படி ஒருவர் கிடைத்தால் அவருடைய தலைப்பு உனக்குக் கொஞ்சம் பிடிக்காவிட்டாலும் சேர்ந்துவிடு. தலைப்பு மெதுவாகப் பிடித்துப்போகும், மனுஷர் மாறமாட்டார். இயற்பியல் துறை ஒன்றுதான் என்று நினைத்துவிடாதே, உயர் ஆற்றல் இயற்பியல் மையமும் கருவியியல் துறையும் இருக்கின்றன. முதல் இரண்டு வருடத்தில் எல்லாக் கதவையும் தட்டிப்பார்.

அண்ணாச்சி, கடைசியாக ஒரு காகித வேலை. நம் பிள்ளைகள் பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். நீங்கள் பி.சி.யோ எம்.பி.சி.யோ என்றால் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனத்தில் போதாது. மத்திய அரசுப் படிவத்தில் 'ஓ.பி.சி., வளமான பிரிவினர் அல்லாதவர்' என்று தனிச் சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் அவள் எந்தப் பிரிவு என்று போட்டாள், எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் கேட்கிறார்கள் என்பதைக் கடிதத்தில் பார்த்து, இந்த வாரமே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். தாசில்தார் கையெழுத்துக்கு நாளாகும். பட்டச் சான்றிதழ் வரத் தாமதமானால் கல்லூரியில் தற்காலிகச் சான்றிதழும் எல்லா மதிப்பெண் பட்டியலும் வாங்கிவையுங்கள். மைசூர் எக்ஸ்பிரஸில் இப்போதே மூன்று டிக்கெட் போட்டுவிடுங்கள். சாயங்காலம் கோவில்பட்டியில் ஏறினால் காலையில் பெங்களூரு. மூன்றாவது டிக்கெட் மைத்துனருக்கு.